சைக்ளேட்ஸ் பளிங்கு உருவங்கள்: இரும்பு உளி இல்லாமல் எப்படி?

கடலோடி
கிரேக்கத்தின் சைக்ளேட்ஸ் தீவுகளில் கிடைத்த, வயிற்றின் மேல் கைகளை மடித்த பளிங்கு உருவங்கள் (ஏறத்தாழ கி.மு. 2700–2300) பற்றி இரண்டு சந்தேகங்கள். அந்தக் காலத்தில் இரும்பு கிடையாது, செம்பு உளியோ பளிங்கில் மழுங்கிவிடும். பிறகு இந்த வழவழப்பு எப்படி வந்தது? முகத்தில் மூக்கு மட்டும் இருக்கிறதே, கண்ணையும் வாயையும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்களா?

கல்தச்சு
உளியை மறந்துவிடுங்கள். இது பெரும்பாலும் தேய்த்து எடுத்த வேலை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் பளிங்கின் கடினம் 3தான். நாக்சோஸ் தீவில் எமரிக்கல் கிடைக்கிறது. அதில் உள்ள குருந்தம் என்ற கனிமத்தின் கடினம் 9. நம் பட்டறைகளில் புழங்கும் எமரித் தாளுக்குப் பெயர் தந்த கல் இதுதான். அதன் ஆங்கிலப் பெயரான ‘கொரண்டம்’ என்ற சொல்லும் நம் ‘குருந்தம்’ போய்ச் சேர்ந்த வடிவம்தான்.

பலகையாகப் பிளக்கும் பளிங்கையோ அலை உருட்டிய தட்டைக்கல்லையோ எடுப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் உருவம் ஒல்லியாக இருப்பதற்கு இது ஒரு காரணம். எமரிக் கட்டியால் மெல்லக் கொத்தி உருவின் எல்லையைக் கொண்டுவர வேண்டும். ஓங்கி அடித்தால் மேலே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே படிகங்கள் நொறுங்கியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடம் சுண்ணாம்புப் புள்ளி போல வெளுத்தே நிற்கும். அடுத்தது எமரிப் பொடியும் தண்ணீரும் போட்டுத் தேய்ப்பது. நேரமெல்லாம் இதற்குத்தான் போகும். விரல், கைமடிப்புக் கோடுகளுக்கு மீலோஸ் தீவின் எரிமலைக் கண்ணாடிச் சில்லு (கடினம் 5–5.5) உதவும். அதன் முனை சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்பதால் ஆழமாக வெட்ட அது லாயக்கில்லை. கடைசி மெருகுக்கு நுரைக்கல், அது தேரா என்ற சாந்தோரினியில் ஏராளம்.

வேலை கெடுவது கழுத்திலும் கால்களிலும்தான். சில வகை உருவங்களில் கெண்டைக்கால்களுக்கு இடையே மறுபக்கம் தெரியும்படி துளைத்திருப்பார்கள். அங்கே கொஞ்சம் அழுத்தினாலும் கால் போச்சு. பிந்தைய வகைகளில் துளையே இல்லாமல் வெறும் பள்ளக்கோட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். உடைந்ததைத் தூக்கிப் போடவும் இல்லை. முறிவின் இருபுறமும் துளையிட்டுப் பிணைத்த உருவங்கள் உண்டு.

வண்ணத்தூள்
கண்ணை விடவில்லை, வரைந்தார்கள். சிவப்புக்குப் பாதரசத் தாதுவான சாதிலிங்கம், நீலத்துக்குச் செம்புத் தாதுவான அசுரைட். நிறம் உதிர்ந்த பின்னும் தடம் இருக்கும். சாயம் மூடியிருந்த இடம் குறைவாக அரித்து, மயிரிழை அளவு மேடாக நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கண், புருவம், தலைமுடியின் எல்லை தெரியும். மேலே படிந்த சுண்ணப் படிவை அமிலத்தால் ‘சுத்தம்’ செய்தால் இந்தத் தடமும் சேர்ந்து கரைந்துவிடும்.

இன்னொன்று, பாதங்களைப் பாருங்கள். பெரும்பாலான உருவங்களில் அவை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும், தாமாக நிற்க முடியாது. அருங்காட்சியகத்தில் கம்பி கொடுத்து நிறுத்தியிருப்பது நம் கண் வசதிக்கு.

கடலோடி
அதே சைக்ளேட்ஸில் உள்ள கேரோஸ் தீவில் இந்த உருவங்கள் எல்லாமே துண்டுதுண்டாகக் கிடப்பது புதையல் திருடர் கைவரிசையா?

அடுக்குமண்
திருடர் அங்கே புகுந்தது உண்மை. ஆனால் 2006–2008 அகழ்வில், அவர்கள் கை படாத, ‘தெற்குக் குவியல்’ எனப்படும் இடத்திலும் உடைசல்தான் வந்தது. உருவத் துண்டுகள் மட்டும் 500-க்கு மேல். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முறிவுப் பரப்புகளிலும் பழைய அரிப்பு இருக்கிறது, அதாவது இது புது உடைப்பு அல்ல. ஒன்றோடொன்று பொருந்தும் துண்டுகள் மிகக் குறைவு. அங்கேயே உடைத்திருந்தால் சிதற வேண்டிய பளிங்குச் சில்லுகளும் இல்லை. ஆகவே வேறு தீவுகளில் உடைத்து, ஒரு பகுதியை மட்டும் படகில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். மிச்சப் பகுதி இதுவரை அகப்படவில்லை.

பளிங்கைக் கரிமக் கணிப்பால் காலம் பார்க்க முடியாது. கூடக் கிடந்த மண்ணும் மட்கலமும் சொன்னால்தான் உண்டு. அதனால் ஏலப் பட்டியலில் ‘கேரோஸில் கிடைத்ததாகச் சொல்லப்படுவது’ என்று இருந்தால், அதை வைத்து வகைப்பாடு எதுவும் கட்டாதீர்கள். அது போலியாகவும் இருக்கலாம்.