லேபிளில் எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி:
வணக்கம். ஒரு ஷாம்பு பாட்டிலின் லேபிளை எளிமையாக்கும் வேலை. இப்போது முன்பக்கத்தில் ஏழு வாசகங்கள், நான்கு நிறங்கள், மூன்று எழுத்துருக்கள். போதாததற்கு நட்சத்திரத்துக்குள் "புதியது!" வேறு. எதில் கை வைத்தாலும் குழுவில் ஒருவர் "அதுதான் விற்கிறது" என்கிறார். எங்கே தொடங்குவது? மொட்டையாகத் தெரியாமல் எங்கே நிறுத்துவது?

பதில் 1:
எதையும் எடுக்கும் முன், வாடிக்கையாளர் பத்துப் பதினைந்து பேரிடம் பாட்டிலைக் காட்டாமல் அதை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பலர் வரைவது எதுவோ, மூடியோ இலையோ பட்டையோ, அதைத் தொடாதீர்கள். ஒருவர்கூட வரையாதது முதலில் போகட்டும்.

2009இல் ஆரஞ்சுச் சாறு பிராண்டான டிராப்பிக்கானா இதில்தான் சறுக்கியது. அட்டைப்பெட்டியில் இருந்த, ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழப் படத்தை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் சாற்றை வைத்தார்கள். பெயரையும் செங்குத்தாகத் திருப்பினார்கள். இரண்டே மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்து, பழைய அட்டை திரும்பி வந்தது. அலமாரியில் கை நீட்டியவர்களுக்குத் தாங்கள் வாங்கும் பொருள் எது என்றே பிடிபடவில்லை.

வாசகங்களைக் கழிக்க ஒரு வழி: ஒவ்வொன்றின் அருகிலும் போட்டியாளர் பெயரை வைத்துப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் அடித்துவிடலாம். "இயற்கையானது", "தரமானது" எல்லாம் இங்கேயே விழுந்துவிடும். மிஞ்சுவதில் ஒன்று முன்பக்கத்துக்கு, மற்றவை பின்பக்கத்துக்கு. நிகர அளவு போன்றவை எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் பாடு; அதில் அழகு பார்க்க வேண்டாம்.

பதில் 2:
வரையும் சோதனை நல்லதுதான், ஆனால் கருப்புப் பென்சில் கொடுத்தால் நிறம் கணக்கில் வராது. வண்ணப் பென்சில் கொடுங்கள். அல்லது பெயர்மேல் டேப் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி வைத்து "இது எது?" என்று கேளுங்கள்.

எளிமையாக்குகிறேன் என்று பலர் செய்யும் தப்பு, வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து. இணையப் பக்கங்களில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளி மாறுபாடு வேண்டும் என்பது வழிகாட்டு விதி. வெள்ளையில் #999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 3:1ஐக்கூடத் தொடாது, அதைவிட அடர்ந்த #767676 தேறும். அச்சுக்கு அந்த விதி கட்டாயமில்லை, அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அடர்நிறத்தில் வெள்ளையாக விடும் பொடி எழுத்தில் மை பரவிக் கோடுகள் அடைந்துவிடும். அங்கே தடித்த எழுத்துதான்.

இன்னொன்று: எல்லா வகைக்கும் ஒரே வெள்ளைப் பாட்டில் என்றால், ஷாம்பு என்று நினைத்துக் கண்டிஷனரை எடுத்துப் போவார்கள். வகைக்கு ஒரு நிறமாக, பாட்டிலைச் சுற்றி அகலமான பட்டை கொடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். நிஜ அளவில் அச்செடுத்து, பாட்டிலில் சுற்றிப் பாருங்கள். வளைவில் ஓரத்து எழுத்துகள் மறைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நைக்கி, மாஸ்டர்கார்டு எல்லாம் பெயரையே எடுத்துவிட்டார்களே? லோகோ மட்டும் போதும் என்று இங்கே ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

பதில் 3:
அவரிடம் ஆண்டுக் கணக்கைக் காட்டுங்கள். மாஸ்டர்கார்டின் இரட்டை வட்டங்கள் 1960களிலிருந்து பெயரோடு சேர்ந்தே புழங்கியவை. பெயர் இல்லாமல் நிற்கத் தொடங்கியது 2019இல். அரை நூற்றாண்டு அறிமுகம்! பெயரே பதியாத பிராண்டுக்கு லோகோ மட்டும் என்றால் அது வெறும் கோலம்.

குறைவான சொற்கள்தான் எளிமை என்பதையும் நான் ஏற்கவில்லை. 1959இல் வந்த ஃபோக்ஸ்வாகனின் "சிறிதாக யோசி" விளம்பரத்தில் பக்கத்தின் பெரும்பகுதி வெறுமை, மூலையில் குட்டிக் கார். ஆனால் கீழே மூன்று பத்தி நிறைய எழுத்து! அத்தனையும் சிறிய கார் என்ற ஒரே விஷயத்தைத்தான் பேசின.

லேபிளோடு நிறுத்தவும் வேண்டாம். பாட்டில் அமைதியாக இருக்க, வாரம் மூன்று மின்னஞ்சலில் "கடைசி வாய்ப்பு!!!" என்று கத்தினால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு மின்னஞ்சலில் ஒரு செய்தி, ஒரு பொத்தான். தள்ளுபடிக்கு முடியும் தேதி சொன்னால், அந்தத் தேதியில் நிஜமாகவே முடித்துவிடுங்கள்.