ரயில் வராததால்தான் நிக்கோடெமஸ் தேய்ந்ததா?

செந்தூல்வாசி:
மகள் படிவம் ஆறு. வரலாற்றுக் கட்டுரைக்கு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து நிக்கோடெமஸை எடுத்திருக்கிறாள். அடிமைத்தளை அறுந்தபின் கறுப்பின மக்கள் 1877இல் போய்க் குடியேறிய விவசாய ஊர். "1888இல் ரயில் பாதை விலகிப் போனது, ஊர் அழிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

நிபோங்திபால்_அண்ணன்:
தங்கச்சி, ரயில் காரணம்தான், ஆனால் பாதி. ரயில் வரட்டும் என்று 1887இல் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஊரே ஓட்டுப் போட்டது. மிசூரி பசிபிக் ரயில் கம்பெனி வரவில்லை. யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே. கடைக்காரர்கள் ஆற்றைத் தாண்டி போக் என்ற ஊருக்குப் போனார்கள், சிலர் கட்டடத்தையும் சேர்த்து. விவசாயிகள் போகவில்லை. நிலம் அவர்கள் பேரில் இருந்ததே! 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலம், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் சொந்தம்.

அந்த நிலத்தை அடையப் பட்ட பாட்டை மகள் எழுதட்டும். கென்டக்கியிலிருந்து முந்நூறு பேர் போல வந்து இறங்கியது செப்டம்பரில். விதைப்புக் காலம் போய்விட்டது, வீடு கட்ட மரமும் இல்லை, மண்ணைக் குடைந்துதான் குடியிருப்பு. 1878இல் வந்த வில்லியானா ஹிக்மனிடம் "அதோ நிக்கோடெமஸ்" என்று காட்டியபோது, தரையிலிருந்து கிளம்பும் அடுப்புப் புகைதான் தெரிந்ததாம். அழுதேன் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

நான் இங்கே மலேசியாவில் தோட்ட லயத்தில், அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த தோட்டத்தில் வேலை போனால் வீடும் போச்சு. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலின்போது, 1960இல் நம் தலைவர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளர்களுக்காகத் தோட்டம் வாங்கக் கிளம்பியதும் இதற்காகத்தான்.

ஈப்போரோடு_டீச்சர்:
அண்ணன் 1930களை விட்டுவிட்டார். வறட்சி, புழுதிப் புயல், விலை வீழ்ச்சி மூன்றும் சேர்ந்துதான் விவசாயிகளையே கிளப்பின. தபால் நிலையம் 1953இல் மூடப்பட்டது. ஆனால் "அழிந்தது" என்று எழுத வேண்டாம். 1996இல் தேசிய வரலாற்றுத் தலமானது. வெளியூர் போன பிள்ளைகள் வருடா வருடம் ஜூலைக் கடைசியில் விழாவுக்குத் திரும்புகிறார்கள். அந்த விழா, 1834 ஆகஸ்ட் 1 மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்த நாளை ஒட்டியது. அதன்பிறகு கரும்புக்கு ஆள் இல்லையென்றுதானே நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள்!

செந்தூல்வாசி:
நன்றி அண்ணே, டீச்சர். கட்டடத்தையுமா தூக்கிக்கொண்டு போனார்கள் என்று மகள் சிரிக்கிறாள்.

நிபோங்திபால்_அண்ணன்:
மரக் கட்டடம் தங்கச்சி. அடியில் கட்டை கொடுத்துக் குதிரை பூட்டி இழுப்பார்கள். அந்தப் புல்வெளி ஊர்களில் அது சகஜம்.