சார்லஸ் டாசன்: பில்ட்டவுன் புரட்டு பிடிபட்டது எப்படி?

கேள்வி: டாசன் இங்கிலாந்தில் சசெக்ஸின் அக்ஃபீல்டில் வக்கீலாக இருந்தவர், பழம்பொருள் ஆர்வலர். பில்ட்டவுனில் கிடைத்த ஆதிமனித எலும்புகள் என்று 1912-ல் அவர் முன்வைத்தவற்றை 1953 வரை நம்பியது ஏன்?

பதில் 1: மண்டையோடு மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது. இரண்டும் பொருந்தாது எனக் காட்டிக்கொடுக்கும் மூட்டு முனைதான் உடைந்திருந்தது! கடைவாய்ப்பற்களை அரத்தால் தேய்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பற்களின் தேய்மானம் ஒரே தளத்தில் இல்லை, உருப்பெருக்கியில் கீறல்களும் தெரியும். ஆனால் பலர் பார்த்தது அசலை அல்ல, வார்ப்பு நகலைத்தான்.

பதில் 2: சாயத்தையும் கவனியுங்கள். மண்டையோட்டுத் துண்டுகளைக் கெட்டிப்படுத்த டைகுரோமேட்டில் (குரோமியம் கலந்த வேதிப்பொருள்) டாசன் நனைத்திருந்தார். பிறகு கிடைத்த தாடையிலும் குரோமியம் இருந்ததே, அதாவது அதற்கும் சாயம் ஏற்றியிருக்கிறார்கள், அதுதான் முக்கியமான தடயம்.

பதில் 3: மண்ணில் கிடக்கக் கிடக்க எலும்பில் ஃப்ளூரின் என்ற தனிமம் ஏறும். இதில் அது மிகக் குறைவு, எனவே எலும்பு சொன்ன அளவுக்குப் பழையதல்ல என்று 1949-லேயே தெரிந்தது.