நரோபோட்டில ஒரு நாள்: லொக் ஏறுறது எப்பிடி?

முரசுமோட்டை:
இங்கிலாந்தில லெஸ்டரில இருக்கிற மகள் எங்களை நரோபோட்டில, அதுதான் கால்வாயில ஓடுற ஒடுங்கின நீளப் படகில, ஒருநாள் கூட்டிக்கொண்டு போகப்போறா. ஃபொக்ஸ்டனில 10 லொக் ஏறவேணுமாம். இரணைமடுத் தண்ணியில வயல் செய்யிற ஆள் நான், குளத்துத் துருசு (மதகு) தெரியும். படகு எப்பிடி மேட்டில ஏறும்? மனிசிக்கு நீந்தவும் தெரியாது.

வட்டக்கச்சி:
பயப்பிடாமல் போங்கோ அண்ணை. நான் அங்க இருக்கேக்க ஏறியிருக்கிறன். லொக் எண்டது இரண்டு அந்தத்திலயும் கதவு வைச்ச தொட்டி. படகு உள்ள வந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி, தண்ணி வாற பலகையைக் கைப்பிடியால சுத்தி உயர்த்தவேணும். தண்ணி நிரம்ப, படகும் உயரும். பம்ப் ஒண்டுமில்லை. இரண்டு பக்கமும் மட்டம் சரிவராமல் கதவு அசையாது, தள்ளி மினைக்கெடாதேங்கோ.

ஃபொக்ஸ்டன் 1814இல திறந்தது. ஐந்து ஐந்தாய் இரண்டு அடுக்கு, மொத்தம் 75 அடி உயரம். பக்கத்தில சின்னக் குளங்கள் இருக்கு. சிவப்புப் பலகையைத் திறந்தால் குளத்துத் தண்ணி உங்கட லொக்குக்கு வரும். பிறகு வெள்ளையைத் திறக்க, மேல் லொக்குத் தண்ணி குளத்துக்கு இறங்கும். எப்பவும் சிவப்புத்தான் முதல். தண்ணியின்ர அருமை தெரிஞ்ச நாங்கள் கட்டாயம் பாக்கவேண்டிய வேலை அது! லொக் காவலரிட்டச் சொல்லிப்போட்டுத்தான் ஏறவேணும்.

மாங்குளம்:
இறங்கேக்கதான் ஆபத்து ஐயா. மேல்கதவுக்குக் கீழ ஒரு படி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணி குறையேக்க படகின்ர பின்பக்கம் அதில குந்தினால் முன்பக்கம் தாழ்ந்து மூழ்கும். சுவரில கோடு போட்டிருக்கும், படகின்ர பின்பக்கமும் அதைத் தாண்டி முன்னுக்கு வந்தபிறகு நிப்பாட்டுங்கோ. அம்மாவுக்கு லைஃப் ஜக்கற் கட்டாயம்.

முரசுமோட்டை:
நன்றி பிள்ளையள். 10ஐயும் ஏற எவ்வளவு நேரம்?

வட்டக்கச்சி:
முக்கால் மணித்தியாலத்துக்குக் குறையாது அண்ணை. வரிசை நிண்டால் இன்னும் கூட. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ.