காட்டுச் செடிச் சாறு: ஆன்டிஆக்சிடென்ட் வலுதான் பூச்சியை விலக்குகிறதா?

முல்லைநிலம்:
எம்.எஸ்சி. ஆய்வுக்காக உண்ணிச்செடி இலையை நிழலில் உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தேன். ஆன்டிஆக்சிடென்ட் (ஆக்சிஜனேற்றத் தடுப்பி) வலுவைக் காட்டும் டிபிபிஎச் என்ற வேதிப்பொருளின் கரைசலில் சில சொட்டு விட்டதும் அடர் ஊதா நிறம் கண்ணெதிரே மங்கி மஞ்சளானது. அதே சாற்றில் நனைத்த இலைவட்டுகளைப் புரொடீனியா என்ற இலைதின்னிப் புழுக்கள் பெரும்பாலும் தின்னவில்லை. ஆக, ஆன்டிஆக்சிடென்ட் வலுவுள்ள செடிதான் பூச்சியையும் விலக்கும் என்று எழுதப்போகிறேன். காட்டுச் செடிகளைச் சலிக்க இதையே முதல் சல்லடையாக வைக்கலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

இலைநரம்பு:
அந்த "ஆக"வை நான் ஏற்கவில்லை. டிபிபிஎச் சோதனை கேட்பது ஒரே ஒரு கேள்வி: இந்தச் சாறு எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ கொடுக்குமா? வைட்டமின் சி விட்டாலும் ஊதா மறையும். ஆனால் ஆய்வகத்தில் புரொடீனியா வளர்க்கும் செயற்கை உணவிலேயே வைட்டமின் சி சேர்க்கிறோம். புழு நன்றாகத் தின்று கொழுக்கிறது. மறுபக்கம், வேம்பில் பூச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின், ஆன்டிஆக்சிடென்ட் வலுவுக்குப் பெயர்போன பீனால் வகையே இல்லை, லிமோனாய்டு என்ற வேறு வகை. புழுவின் வாயுறுப்பில் உள்ள சுவை உணர்விகளைத் தொட்டுத்தான் தின்னவிடாமல் செய்கிறது. உங்கள் சல்லடையில் முதலாவது நிற்கும், இரண்டாவது நழுவிவிடும்.

முல்லைநிலம்:
செடி பீனால்களைச் சும்மாவா சேர்த்துவைக்கிறது? பீனால் வகையைச் சேர்ந்த டானின்கள் (துவர்ப்புப் பொருள்கள்) தற்காப்புக்கு என்று பாடப்புத்தகமே சொல்கிறதே.

இலைநரம்பு:
தற்காப்புக்குத்தான், மறுக்கவில்லை. எப்படிக் காக்கிறது என்று பாருங்கள். பல இலைதின்னிப் புழுக்களின் குடல் கடுங்காரமானது. பிஎச் 9, 10 கூட வரும். அந்தச் சூழலில் சில டானின்கள் தாமே ஆக்சிஜனேற்றமடைந்து குயினோன்கள் என்ற வினைமிகு பொருள்களாக மாறி, ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகின்றன. சோதனைக் குழாயில் ஆக்சிஜனேற்றத் தடுப்பியாக இருந்த அதே மூலக்கூறு குடலுக்குள் நேரெதிர் வேலை செய்கிறது. எனக்கு இதில்தான் ஆர்வமே. இதை விட்டுவிட்டு ஊதா மஞ்சளானதை மட்டும் எழுதினால் நல்ல கண்டுபிடிப்பு கைநழுவிப் போகும்.

கானகன்:
ஆன்டிஆக்சிடென்ட் அதிகம் என்றால் உடம்புக்கும் நல்லதுதானே? குடிக்கும் மருந்தாகவும் பார்க்கலாமே.

இலைநரம்பு:
வேண்டாம் நண்பரே. உண்ணிச்செடியில் உள்ள லான்டாடீன்கள் என்ற நச்சுகள் மேயும் கால்நடைகளின் கல்லீரலைக் கெடுப்பவை. தனியாக எடுத்த பீட்டா கரோட்டினைக்கூடப் புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் வந்த பின்லாந்து ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது.

வேர்ச்சாறு:
இலைநரம்பு சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். ஆனால் "எந்த மூலக்கூறு வேலை செய்கிறது, அதை மட்டும் எடு" என்ற திசைக்குப் பேச்சு போவதை ஏற்க முடியாது. 1995இல் வெளியான ஒரு சோதனை: செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளின் ஒரு கூட்டத்துக்கு அசாடிராக்டினை மட்டும், இன்னொன்றுக்கு முழு வேப்பங்கொட்டைச் சாற்றைக் கொடுத்து 40 தலைமுறை வளர்த்தார்கள். முதல் கூட்டம் 9 மடங்கு எதிர்ப்புச் சக்தி பெற்றது, இரண்டாவது பெறவில்லை. சாற்றில் "சும்மா" இருப்பதாக நாம் நினைப்பவற்றுக்கும் வேலை உண்டு.

இன்னொன்று. பைரெத்ரம் பூவில் உள்ள பூச்சிக்கொல்லிப் பொருளான பைரெத்ரினும் அசாடிராக்டினும் வெயிலில் சீக்கிரம் சிதைபவை. பைரெத்ரம் சாறு கெடாமலிருக்க ஆன்டிஆக்சிடென்ட் சேர்ப்பது பழைய வழக்கம். அப்படியிருக்க, காட்டுச் செடியின் பீனால்கள் தாம் விரட்டாவிட்டாலும் விரட்டும் பொருளைக் காத்து நிற்கலாம் அல்லவா? முல்லைநிலம் கண்ட தொடர்பு முழுப் பிழை என்று எப்படித் தள்ளுவது?

இலைநரம்பு:
இது வலுவான வாதம். நான் யோசிக்காதது. ஆனாலும் அதற்குச் சோதனை வேறு: சாறு தடவிய இலையை வெயிலில் வைத்து, நாள் கழித்துப் புழுவிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

முல்லைநிலம், அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சாற்றின் ஒரு பங்கை நீர் கலந்து பிவிபிபி என்ற நீரில் கரையாத பாலிமர் தூளோடு குலுக்கி வடிகட்டுங்கள். டானின்கள் தூளில் ஒட்டிக்கொள்ளும். தூள் சேர்க்காத இன்னொரு பங்கையும் அதேபோல் குலுக்கி வடிகட்டுங்கள். இரண்டையும் புழுவுக்கு வையுங்கள். டானின் போன பிறகும் புழு தின்ன மறுத்தால் காரணம் வேறு. மெத்தனாலில் மட்டும் நனைத்து உலர்த்திய வட்டு வைத்தீர்களா? புழு கடித்துவிட்டு விலகியதா, கடிக்காமலே விலகியதா?

முல்லைநிலம்:
மெத்தனால் வட்டு வைத்தேன். அதை நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிட்டன. உங்கள் கடைசிக் கேள்விக்காக இப்போது தட்டுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாறு தடவிய வட்டுகளின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குக் கடித்த தடங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று. அப்படியென்றால் வாசனைக்கு விலகவில்லை, ருசி பார்த்துத்தான் விட்டிருக்கின்றன. "விரட்டி" என்று எழுதியதை "உண்ணவிடாமை" என்று திருத்துகிறேன். ஆன்டிஆக்சிடென்ட் பற்றிய வாக்கியத்தை இன்னும் அழிக்கவில்லை. பிவிபிபி வாங்கச் சொல்லியிருக்கிறேன். முடிவு எதுவானாலும் இங்கேயே போடுகிறேன்.

வேர்ச்சாறு:
வெயில் சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். அதற்காகத்தான் நான் காத்திருப்பேன்.