ஏழேகாலுக்கு முட்டை, பத்தரைக்குள் ஆயிரம் செல்

மீன் முட்டையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்கள் பெரும்பாலும் மறுநாள் கண்டதைத்தான் சொல்வார்கள். கண் தெரிந்தது, வால் துடித்தது, இதயம் அடித்தது என்று. எனக்கென்னவோ முதல் மூன்று மணி நேரத்துக்கு ஈடாக எதுவும் இல்லை.

மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். அவளுக்காக இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் நார்த் பக்கம் மீன் கடையில் ஜீப்ரா டேனியோ வாங்கினோம். பூர்வீகம் வட இந்தியா, வங்கதேசப் பக்கத்து ஓடைகள். இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் 1999இல் ஒளிரும் மீன் உருவாக்கியதும் இந்த இனத்தில்தான். ஆய்வகங்களில் இதன் முட்டையை 28.5 டிகிரியில் வைப்பார்கள். குளிர் நாட்டுக்காரர்களுக்கு அதற்கு ஹீட்டர் வேண்டும். நம் வீவக அடுக்குமாடி வீட்டில் ஏர்கான் போடாமல் இருந்தாலே போதும்.

இட்ட முட்டையை இவை தாமே தின்றுவிடும். அதனால் தொட்டியின் அடியில் கோலிக்குண்டு பரப்பி, இரவில் ஆணையும் பெண்ணையும் தடுப்பு வைத்துப் பிரித்து, வெளிச்சம் வந்ததும் தடுப்பை எடுத்தோம். ஏழேகால் வாக்கில் குண்டுகளுக்கு இடையே முட்டைகள் விழ ஆரம்பித்தன.

முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் உள்ளே நடப்பது அத்தனையும் வெளியே தெரியும். 4x லென்ஸ் போதும். இன்னும் பெரிதாக்கினால் உருண்டையில் ஃபோகஸ் நிற்காது. முதலில் மஞ்சள்கரு மட்டும் தெரிந்தது. பிறகு தெளிவான திரவம் மேலே ஏறி, தலையில் தொப்பி வைத்த மாதிரி திரண்டது. முக்கால் மணி நேரத்தில் அதில் ஒரு கோடு விழுந்து இரண்டானது. அதற்கப்புறம் சுமார் கால் மணிக்கு ஒரு தடவை நான்கு, எட்டு, பதினாறு. மஞ்சள்கரு பிரிவதே இல்லை, தொப்பி மட்டும்தான். எட்டு செல்லும் நாலு நாலாய் இரண்டு வரிசை. பதினாறில் நாலுக்கு நாலு கட்டம். எல்லாச் செல்லும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிரிவதால், "அப்பா, இப்பப் பிரியப் போகுது பாருங்க" என்று மகள் கடிகாரத்தைப் பார்த்தே சொல்லத் தொடங்கிவிட்டாள். பத்தரை ஆவதற்குள் ஆயிரம் செல்; அதற்கு மேல் எண்ண முடியாது.

சில முட்டைகள் பால் வெள்ளையாகிவிட்டன. கருவுறாதவை, அல்லது செத்தவை. அவற்றை உடனே எடுக்காவிட்டால் பூஞ்சை மற்றவற்றுக்கும் பரவும். தண்ணீரில் பூஞ்சையைத் தடுக்கும் நீலச் சாயமான மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு விடுவது நல்லது.

மதியத்துக்கு மேல் செல்கள் கீழிறங்கி மஞ்சள்கருவை மூட ஆரம்பித்தன. மாலைக்குள் முழுக்க மூடிவிட்டன. மறுநாள் காலை இதயத் துடிப்பு. அதுவும் அழகுதான், மறுக்கவில்லை. மூன்றாம் நாள் பொரிந்து, சரியாக நீந்துவதற்கு ஐந்தாம் நாள் ஆனது.

அடுத்து மெடக்கா என்ற சின்ன மீன். பொரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பெண் மீன் முட்டைக் கொத்தை வயிற்றடியில் தொங்கவிட்டுக்கொண்டே திரியும், கோலிக்குண்டு வேலை மிச்சம். ஆனால் ஓட்டில் நார் நாராக இருக்கும் இழைகள் லென்ஸில் மறைக்குமே, அவற்றை எப்படி எடுக்கிறீர்கள்?