விட்டு விட்டு வரும் இணைப்புக்கு ஒரு சொல்

கம்பத்திலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் சிறிய இணையச் சேவை ஒன்றின் களப்பணியை நான் பார்த்துக்கொள்கிறேன். கண்ணாடியிழை ஊருக்குள் வந்து நின்றுவிடுகிறது. அதற்கப்பால் மலையடிவாரத்துத் தென்னந்தோப்புகளுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் கம்பியில்லாப் பாலங்கள் வழியாகத்தான் இணையம் போகிறது. கோபுரம் ஏறும் பையன்கள் எல்லாரும் தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளப் பழுதுபார்ப்பு அட்டை ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். அது வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்ற சொற்கள் ஒருவாறு அமைந்துவிட்டன. ஆங்கிலத்தில் ஃபிளாப்பிங் என்கிறார்களே, இணைப்பு விழுவதும் உடனே எழுவதும் மறுபடி விழுவதுமாக இருக்கும் அந்த நிலைக்கு மட்டும் சொல் அமையவில்லை.

இது வெறும் சொல்லாசை அன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆடியில் 8 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் ஒன்று தொல்லை கொடுத்தது. பழுதுப் பதிவேட்டில் பையன்கள் ‘நெட் கட்’ என்று எழுதினார்கள். ஆடிக்காற்றில் கம்பம் அசைகிறது என்று எண்ணி இழுவைக் கம்பிகளை இறுக்கினோம். ஆன்டெனாவைத் திருப்பி நேர்படுத்தினோம். மூன்று முறை ஏறி இறங்கியும் பழுது தீரவில்லை. நான்காம் முறை நானே போய்க் கருவியின் நிலையைக் காட்டும் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சிக்னல் வலிமை மைனஸ் 58 டிபிஎம் என்ற நல்ல அளவில் அசையாமல் நின்றது. அலை இணைப்பு 19 நாளாக அறவே அறுபடவில்லை. விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது கேபிள் செருகியிருந்த போர்ட். செருகியைப் பிடுங்கிப் பார்த்தபோது எட்டு முனைகளில் இரண்டின்மேல் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைக்காமல் நேராக உள்ளே விட்டிருந்ததால் மழைநீர் அதன்மேல் வழிந்து செருகிக்குள் இறங்கியிருந்தது. புதுச் செருகி அடித்து, நீர் சொட்டி விழும்படி வளைவு கொடுத்தவுடன் பழுது தீர்ந்தது. ‘நெட் கட்’ என்ற ஒரே சொல்லால் நான்கு வேறு பழுதுகளை எழுதிக்கொண்டிருந்ததுதான் அந்த மூன்று ஏற்றங்களுக்கும் காரணம்.

பையன்கள் வாயில் இயல்பாக வருவது ‘விட்டு விட்டு வருது’ என்பதுதான். அதைப் பெயர்ச்சொல்லாக்க முடியுமா, அல்லது வேறு சொல் வேண்டுமா என்று பெரியவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

அன்பருக்கு வணக்கம். புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை; தொல்காப்பியர் எடுத்து வைத்திருக்கிறார். உரியியலில் ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்’ என்கிறார். அதிர்வு என்பதை இன்று இயற்பியலார் எடுத்துக்கொண்டார்கள். இரட்டையில் மற்றொன்றான விதிர்ப்பு யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. மாணிக்கவாசகர் ‘மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து’ என்று பாடியதை ஓதிய காது எதுவும் இச்சொல்லைப் புரியாத சொல் என்று சொல்லாது. ஆகவே ‘இணைப்பு விதிர்ப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்கள் ஊர்ப்பெயரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கம்பம் என்றால் தூண். கம்பம் என்றால் நடுக்கமும் ஆகும். பூகம்பத்தில் இருப்பது பின்னது. தூணைக் குறிப்பது ஸ்கம்பம் என்பதன் வழியிலும், நடுக்கத்தைக் குறிப்பது வேறொரு வடமொழி வேரின் வழியிலும் வந்து தமிழில் ஒரே உருவம் கொண்டுவிட்டன. நிலைத்து நிற்பதற்கும் நிலையாது நடுங்குவதற்கும் ஒரே சொல் அமைந்துவிட்ட இந்த வியப்பைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். இதைக் கொண்டு ‘கம்பனம்’ என்று யாரேனும் முன்மொழியக்கூடும். வேண்டாம் என்பது என் கருத்து. வடசொல்லை எழுத்து மாற்றி ஏற்கலாம் என்று இலக்கணம் இடம் தருகிறது என்றாலும், வீட்டில் நெல் இருக்கக் கடன் வாங்குவது முறையன்று. அட்டையில் ‘சிக்னல்’, ‘போர்ட்’ என்று இருப்பதையும் ‘குறிகை’, ‘துறை’ என்று மாற்றிவிடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

வணக்கம். பொறியியல் கல்லூரியில் வலையமைப்புப் பாடம் நடத்துகிறேன். ஐயா எடுத்துக்காட்டிய நூற்பாவில் எனக்கு மாறுபாடு இல்லை. சொல் பொருந்துமிடம் வேறு என்றுதான் சொல்ல வருகிறேன்.

நடுக்கம் என்பதில் பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அசைய மட்டும் செய்கிறது. அலைப்பாலத்தில் அப்படி ஒரு பழுது உண்மையில் உண்டு. இரு முனைக்கும் நடுவே பார்வைக்கோடு மறைவில்லாமல் இருந்தால் மட்டும் போதாது. அக்கோட்டைச் சுற்றி உருளைக்கிழங்கு வடிவில் ஒரு வெளி திறந்திருக்க வேண்டும். ஃபிரெனெல் பெயரால் வழங்கும் அந்த வெளி 8 கிலோமீட்டர் பாலத்தில், 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, நட்ட நடுவில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆரம் கொள்ளும். பாலம் போட்ட ஆண்டில் குட்டையாக இருந்த தென்னை அதற்குள் வளர்ந்து, நனைந்த மட்டை காற்றில் ஆடும்போது, சிக்னல் மைனஸ் 60க்கும் 75க்கும் இடையே ஏறி இறங்கும். இணைப்பு அறாமலே வேகம் குன்றும். இதைத்தான் ‘விதிர்ப்பு’ என்று சொல்லலாம். நண்பர் கேட்பதோ இணைப்பு அற்றுப்போய் மறுபடி உயிர்பெறும் நிலையை. ரேடார் அலையைக் கேட்டால் விலகும் வசதி உள்ள கருவி, தான் பேசும் சேனலை, அதாவது அலைவரிசையை, விட்டு வெளியேறி, ரேடாருக்கு வழிவிட வேண்டிய வேறொரு சேனலில் 60 நொடி செவிமடுத்த பின்பே மறுபடி பேசத் தொடங்கும். ஒரு நிமிட மௌனத்தை விதிர்ப்பு என்று எந்தப் பையனும் உணரமாட்டான்.

என் மாணவி ஒருத்தி ‘இமைப்பு’ என்றாள். இணைப்பு, இமைப்பு என்ற ஓசை இயைபு எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் போர்டின் பக்கத்தில் உள்ள சிறு விளக்கு தரவு ஓடும்போது இமைத்துக்கொண்டேதான் இருக்கும்; அது நலத்தின் அடையாளம். அட்டையில் ‘இமைப்பு’ பழுதென்று எழுதினால் கோபுர உச்சியில் நிற்பவன் நல்ல செருகியைப் பிடுங்கிவிடுவான். ‘படபடப்பு’ நெஞ்சுக்கு உரியது. ‘ஊசலாட்டம்’ என்றால் கம்பம் ஆடுவதாகவே படும். சொல், பழுதின் தோற்றத்தைச் சொல்ல வேண்டுமே தவிரக் காரணத்தைத் தீர்ப்பெழுதிவிடக் கூடாது.

இன்னொன்றையும் அட்டையில் சேர்க்க வேண்டுகிறேன். வலையில் தரவு ஓயாமல் சுற்றும் வளையம் உண்டாகாமல் காக்க 1985ஆம் ஆண்டில் ரேடியா பெர்ல்மன் வகுத்த கிளைமர நெறிமுறை பழைய வடிவில் இயங்கும் வலையில், அறுந்த வழி மீண்டதும் 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, அதன் பிறகே தரவை விடும். ஒரு நொடி அறுந்ததற்கு வாடிக்கையாளர் அரை நிமிடம் இழக்கிறார். அவர் ‘அரை நிமிடம் போச்சு’ என்று சொல்வதை நம்பி இணைப்பு அரை நிமிடம் விழுந்ததாக எழுதக் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். தொழில்நுட்பப் பயிலுநர்களுக்குப் பாடம் சொல்பவன் என்ற அளவில் எழுதுகிறேன். நீங்கள் மின்னணுவியல் என்பதை நாங்கள் இலத்திரனியல் என்கிறோம். இதிலாவது இரு கரைக்கும் ஒரே சொல் அமைந்தால் நன்று.

‘இடைவிடாத மழை’, ‘இடைவிடாமல் அழுதாள்’ என்று எதிர்மறையாக நாம் எல்லாரும் நாள்தோறும் ஆளும் சொல்லின் உடன்பாட்டு வடிவத்தை எடுத்துக்கொள்வோமே. இணைப்பு இடைவிடுகிறது, ஆகவே இடைவிடல். இடை, விடு, அல் என்று மூன்றும் பழகிய உறுப்புகள். சேவை நிறுவனம் வாடிக்கையாளருக்கு வாக்களிப்பது இடைவிடாத இணைப்பு. களத்தில் கிடைப்பது இடைவிடும் இணைப்பு. பழுதின் பெயரே எது தவறியது என்பதைச் சொல்லிவிடுகிறது.

இச்சொல் பாலத்தோடு நின்றுவிடாது என்பதும் கருதத்தக்கது. 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2439 என்ற இணைய நெறிமுறை ஆவணம், வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி நெறிமுறையின் வழித்தடங்கள் இப்படித் தோன்றி மறைவதைத் தணிக்கும் முறையைப் பற்றியது. அதைத் ‘தட இடைவிடல் தணிப்பு’ என்று தயக்கமின்றிச் சொல்லலாம். ‘விட்டு விட்டு வருதல் தணிப்பு’ என்று சொல்ல நா எழவில்லை.

கம்பத்திலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை பையன்களை உட்காரவைத்து மூன்று சொற்களையும் படித்துக் காட்டினேன். விதிர்ப்பு என்றதும் இருவர் ‘உதிர்ப்பா?’ என்று கேட்டார்கள். இடைவிடல் என்றதும் கடைசிப் பையன், ‘விடாம பெய்யறதுக்கு எதிர்ச்சொல்லுங்களாண்ணே?’ என்றான். அவனுக்கு நான் பொருள் விளக்கவில்லை.

ஆகவே அட்டையின் தலைப்பில் ‘இடைவிடல்’ என்றும் அதன் கீழே ‘விட்டு விட்டு வருதல்’ என்றும் போட்டிருக்கிறேன். கோவை அம்மா பிரித்துக் காட்டிய நடுக்கத்துக்குத் தஞ்சாவூர் ஐயாவின் சொல்லையே எடுத்து, ‘சிக்னல் விதிர்ப்பு’ என்று தனி வரி கொடுத்து, அடைப்பில் ‘ஏறி இறங்குதல்’ என்று விளக்கமும் சேர்த்தேன். இடைவிடலுக்குக் கீழே பையன்கள் பார்த்து எழுத வேண்டியவை இரண்டு கடிகாரங்களும் ஓர் எண்ணிக்கையும். கருவி ஓடிய நேரம் குறைவாக இருந்தால் மின்சாரம் தடைபட்டுக் கருவி தானே மறுபடி தொடங்கியிருக்கிறது. அடாப்டரையும் கேபிள் நீளத்தையும் பார்க்க வேண்டும். கருவி பல நாள் ஓடியிருக்க, அலை இணைந்திருந்த நேரம் மட்டும் குறைவாக இருந்தால் அலையில் இடைவிடல். சேனலையும் திசையையும் தடையையும் பார்க்க வேண்டும். இரண்டும் நீண்டிருக்க, போர்ட் விழுந்த எண்ணிக்கை ஏறியிருந்தால் செருகியைப் பார்க்க வேண்டும். அலை இடைவிடல், மின் இடைவிடல், போர்ட் இடைவிடல் என்று முன்னொட்டுக்கு இச்சொல் வளைந்துகொடுத்தது எனக்குப் பெரிய உதவி.

‘துறை’ என்று மாற்ற இயலவில்லை, ஐயா. எங்களுக்கு மின்வாரியத்தோடும் வனத்துறையோடும் நாள்தோறும் வேலை. ‘துறையில் பழுது’ என்றால் அங்கே போய் நிற்பார்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும், தடை சொல்லவில்லை. ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்க வேண்டும். இடைவிடல் என்பதில் விடுதல் இருக்கிறது, மீண்டும் வந்து சேர்தல் இல்லை. ஒருமுறை விட்டு நின்றாலும் அது இடைவிடலே. பையன்கள் சொல்லும் ‘விட்டு விட்டு’ என்பது அடுக்குத்தொடர். அதில் ஒன்றை எடுத்துவிட்டால் ‘விட்டு வருதல்’ ஆகி, எதையோ வைத்துவிட்டு வந்ததாகப் பொருள் மாறிவிடும். அந்த இரண்டாவது ‘விட்டு’தான் ஃபிளாப்பிங். அதைக் கலைச்சொல்லுக்குள் கொண்டுவரும் வழி எனக்கு இன்னும் புலப்படவில்லை. விதிர்விதிர்ப்பு என்று இரட்டித்தால் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் அச்சு எப்போது என்று முன்கூட்டியே தெரிவியுங்கள்.